தெரிந்துதானே போனார்கள்?

பட்டாசு ஆலை ஒன்று வெடித்த மறுநாள், டீக்கடையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு யாராவது ஒருவர் சொல்வார்: "தெரிஞ்சுதானே போனாக." சொல்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ண வேண்டியதில்லை. அவர் வீட்டிலிருந்தே ஒருவர் அன்று காலை ஆலைக்குப் போகும் வேனில் ஏறியிருக்கக் கூடும். பயத்தை அடக்கிக்கொள்ளவும் மனிதர்கள் இப்படிப் பேசுவதுண்டு. ஆனாலும் அந்தப் பேச்சுக்கு அடியில் ஓர் அறக்கணக்கு ஓடுகிறது. ஆபத்து என்று தெரிந்து, கூலி கூடக் கிடைக்கும் என்று தானாகவே போனவருக்கு நேர்ந்த இழப்பை அவரும் அவர் குடும்பமும்தான் சுமக்க வேண்டும். மற்றவர் கொடுப்பதெல்லாம் இரக்கத்தின் பேரில் கொடுப்பது. இந்தக் கணக்குச் சரியா?

விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிய ஊர்களை வைத்து இதைப் பார்ப்பது நல்லது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே காடு என்றால் மரமடர்ந்த வனமில்லை, மானாவாரிக் கரிசல் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் விதைப்பார்கள். மழை ஏமாற்றினால் விதைப்பாடும் போகும். தை, மாசிக்குப் பிறகு காட்டில் வேலை வற்றிவிடும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, கல்குவாரி, நூற்பாலை, இவற்றை விட்டால் மேற்கே விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் இருக்கும் பட்டாசு ஆலைகள். கரிசல் ஊர்களின் பேச்சில் அது 'பயர் ஆபீஸ்'. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்த ஒரே மாவட்டத்தில் தயாராவதற்கு வறண்ட காற்று ஒரு காரணம். அந்த வறட்சியால் வேறு பிழைப்புக் குறைந்துபோன மக்கள் இன்னொரு காரணம். பட்டாசு காய்வதற்கு வேண்டிய வெயில்தான் பயிரையும் காய வைக்கிறது.

இந்த நிலையில் 'தானாகப் போனார்' என்பதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? வேறு வழியே இல்லாததால் போனார், ஆகவே அவர் சம்மதம் சம்மதமே அல்ல என்று சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஒரு அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. வெயிலில் மிளகாய் பறிப்பதைவிட நிழலில் உட்கார்ந்து திரி வைப்பது மேல் என்று கணக்குப் பார்த்துப் போன பெண்கள் உண்டு. வாரச் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. ஊர்ப் பெரிய வீட்டின் முன்னால் கூலிக்கு நிற்க வேண்டாம் என்பதற்காகவே வேன் ஏறியவர்களும் உண்டு. அவர்கள் விவரம் அறியாதவர்கள் இல்லை. அவர்களுடைய முடிவு முடிவுதான்.

அந்த முடிவு எதற்குத் தரப்பட்ட சம்மதம் என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து தீப்பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்றைய கலவையில் அலுமினியப் பவுடர் எவ்வளவு, வெடியுப்பும் கந்தகமும் எவ்வளவு, நேற்று மீந்த மருந்தை யார் எங்கே வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருப்பது தெரியும். பக்கத்து அறையில் இன்று எத்தனை பேர் என்பது தெரியாது. ஆலைக்கு இருப்பது நாக்பூரில் மத்திய வெடிபொருள் துறை தரும் லைசென்ஸா, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் லைசென்ஸா, அதில் பேன்சி ரகம் செய்ய அனுமதி உண்டா, லைசென்ஸ்காரர்தான் நடத்துகிறாரா அல்லது அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருக்கிறாரா என்பதெல்லாம் வேனை விட்டு இறங்குகிறவரிடம் யாரும் சொல்லாத சங்கதிகள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த ஆலையின் உரிமம் அதற்குச் சற்று முன்புதான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அன்று காலை உள்ளே போனவர்கள் ஆபத்துக்குச் சம்மதித்திருக்கலாம். மூடப்பட்டிருக்க வேண்டிய ஆலைக்குள் வேலை செய்யச் சம்மதித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. ஆபத்தை ஏற்பதும், ஆபத்து நேர்ந்தால் அதன் நட்டம் முழுவதையும் தன் தலையில் ஏற்பதும் ஒன்றாகாது. முதலாளியும் ஆபத்தை ஏற்றுத்தான் தொழில் செய்கிறார். சரக்குக்கும் கட்டடத்துக்கும் அவர் காப்பீடு எடுத்தால், 'தெரிந்துதானே ஆலை வைத்தார்' என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரிப்பதில்லை. கட்டடத்துக்குக் கேட்கப்படாத கேள்வி உடம்புக்கு மட்டும் கேட்கப்படுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் டீக்கடைப் பேச்சைவிட நூறாண்டு முன்னால் நிற்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் சாவுக்கு முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று வைத்தது. தொழிலாளி பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று முதலாளி வாதாடலாம். ஆனால் சாவுக்கும் முழுமையான நிரந்தர ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளுக்கும் மூல முதலாளியே பொறுப்பு. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. இறந்தவரின் குடும்பத்திடம் முதலாளி நேரடியாகக் கொடுத்த பணம், சிறு முன்பணம் தவிர, இழப்பீட்டுக் கணக்கில் சேராது. தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள் என்பது 1923-இல் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நடப்பது வேறு. விபத்து நடந்த அன்று மாலையே அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர் உட்காருவார்கள். ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள், போலீஸ் அதிகாரிகள், ஆலைத் தரப்பு ஆட்கள் எல்லாரும் கூடி ஒரு தொகைக்கு வருவார்கள். ஈமச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம். இருட்டுவதற்குள் உடல் ஊர் போய்ச் சேரும். இதை நகரத்திலிருந்து பார்த்து முகம் சுளிப்பது எளிது. சட்டப்படி போனால் வேலைக்குப் போனதற்கே ஆதாரம் கேட்பார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நாளை அடுப்பெரிய வேண்டிய குடும்பம் கைக்கு எட்டிய தொகையை வாங்குவதில் அறப்பிழை எதுவும் இல்லை. தாமதமாகும் உரிமையையும் உடனே கிடைக்கும் தயவையும் முன்னால் வைத்து ஒன்றை எடு என்று சொல்லும் ஏற்பாட்டில்தான் பிழை.

தயவு என்ற சொல்லை அரசின் அறிவிப்புகளுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் மாநில அரசின் சார்பில் 3 லட்சம் ரூபாயும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து, ஒரு சாவுக்கு 20 லட்சம் என்றது. இழப்பீட்டுச் சட்டத்தின் சூத்திரப்படி போட்டாலோ மூன்றாவது தொகை வரும்: மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2020 சனவரி முதல் கணக்கில் எடுக்கப்படும் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் 40 வயதுக்காரர் இறந்தால் 13,81,275 ரூபாய். 55 வயதென்றால் 10,16,700. ஒரே அறையில், ஒரே நொடியில் போன உயிருக்கு இத்தனை விலைகள். எந்த விலை கையில் வந்து சேரும் என்பது செய்தி எவ்வளவு பெரிதானது, எத்தனை பேர் சேர்ந்து இறந்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. இருபது பேர் இறந்தால் தீர்ப்பாயம் வரும். தனியாக ஒருவர் மருந்து கலக்கும்போது கருகிப்போனால் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வரும்.

இங்கே உச்ச நீதிமன்றம் ஏற்படுத்திய ஒரு உயர்ந்த கோட்பாடே சிக்கலை உண்டாக்குவதையும் கவனிக்க வேண்டும். டெல்லி ஸ்ரீராம் ஆலையில் 1985-இல் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பி.என்.பகவதியின் அமர்வு முழுப் பொறுப்பு என்ற கொள்கையை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் பார்ப்பவர், விபத்துக்குத் தன் கவனக்குறைவு காரணமில்லை என்று சொல்லித் தப்பவே முடியாது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இழப்பீடும் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. போபால் நச்சுக் கசிவின் நினைவு காயாத காலம். பெரிய கம்பெனி சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டு நழுவக் கூடாது என்பதே அதன் கவலை. அதே விதியைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகத் திரும்புகிறது. இங்கே வெடித்த அறையை நடத்தியவர், பல நேரங்களில், நாலு அறையை உள்குத்தகைக்கு எடுத்துக் கடன் வாங்கி மருந்து வாங்கிப்போட்ட ஒரு முன்னாள் போர்மேன். நேற்றுவரை அவரும் கூலிக்காரர். விபத்தன்றே அவர் சிறைக்குப் போவார். சில நேரம் அவரும் இறந்துபோயிருப்பார். அவரிடம் வசூலிக்க எதுவும் இராது. ஆக, பெரிய ஆலையில் இறந்தவருக்கு ஒரு மதிப்பு, உள்குத்தகை அறையில் இறந்தவருக்கு அதைவிடக் குறைந்த மதிப்பு என்று ஆகிவிடுகிறது. ஒரே பெண் திங்கட்கிழமை அங்கேயும் வியாழக்கிழமை இங்கேயும் வேலைக்குப் போயிருக்கலாம்.

ஆகவே பொறுப்பை அந்தந்த ஆலை வாசலிலேயே தேடிக்கொண்டிருக்கும் வரை இந்தக் குடும்பங்களுக்குப் பட்ட கடன் தீராது. ஆபத்து இந்தத் தொழில் முழுவதற்கும் உரியது. மருந்து விற்பவர், ஆலை நடத்துபவர், சரக்கை எடுத்து வடநாட்டுக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, விலையோடு சேர்த்து ஜி.எஸ்.டி. வாங்கும் அரசு, தீபாவளிக்கு மலிவாக வேண்டும் என்று பேரம் பேசும் வாங்குபவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. நட்டத்தை மட்டும் ஒரு குடும்பத்தின் தலையிலோ ஒரு சின்னக் குத்தகைக்காரரின் தலையிலோ கட்டுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. தொழில் முழுவதும் சேர்ந்து கட்டும் பொது நிதி ஒன்று இருந்தால், விபத்து நடந்த வாரத்திலேயே அது குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, யார் குற்றவாளி என்ற வழக்கைத் தன் பொறுப்பில் பிறகு நடத்திக்கொள்ளலாம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடு இல்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீடு, ஒவ்வொரு தொழிலின் முதலாளிகளையும் ஒரு சங்கமாக்கி, அந்தச் சங்கமே இழப்பீட்டைக் கொடுக்க வைத்தது. நம்மூரிலேயே கட்டடம் கட்டுபவர் செலவில் ஒரு சதவீதத்தை நல நிதிக்குச் செலுத்துகிறார். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அதற்கும் முன்பே 1994-இல் தோன்றியது. பீடிக்கு 1976 முதல் இருந்த நலத் தீர்வை ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் எடுக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கொடுத்ததைத் திரும்ப எடுப்பதற்கு அரசுகளுக்கு ஒரே ஒரு வரிச் சீர்திருத்தம் போதும். சிவகாசிக்கு என்றே உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா வழக்கில் 1990-இல் சொன்னதும் உண்டு. அங்குள்ள தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. 1990-இன் 50,000 அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. 'ஒவ்வொருவருக்கும்' என்பதுதான் நிறைவேறாமல் நின்ற சொல். பதிவேட்டில் இருப்பவரைத்தான் யாராலும் எண்ண முடியும்.

பொது நிதிக்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யாரோ கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தால் முதலாளி இன்னும் அலட்சியமாவார். ஒழுங்காக ஆலை நடத்துபவர் கட்டும் பணத்தில் ஒழுங்கில்லாதவர் தப்பிப்பார். இது உண்மை. இதற்கு விடையும் பழையதுதான்: விபத்து வரலாற்றைப் பார்த்துச் சந்தாவை ஏற்றி இறக்குவது, விதி மீறியவரிடம் நிதி முழுத் தொகையையும் திரும்ப வசூலிப்பது, லைசென்ஸ் புதுப்பிக்கும்போதே சந்தா ரசீது கேட்பது. இவற்றைச் செய்த பிறகும் அந்தக் குறை கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும். முதலாளிக்குப் பாடம் புகட்டுவதற்காக விதவைக்குப் பணம் மறுப்பதைவிட அது குறைந்த அநியாயம்.

அரசின் அறிவிப்பும் செய்தியும் ஒருசேரப் பாராமுகமாய் இருப்பது இறந்தவர்களிடம்கூட இல்லை, பிழைத்தவர்களிடம்தான். எழுபது சதவீதத் தீக்காயத்தோடு வந்தவர் பத்தாம் நாள் இறந்தால் எண்ணிக்கை கூடுகிறது, தொகை வருகிறது. முப்பது சதவீதத்தோடு வந்தவர் பிழைத்துக்கொள்கிறார்; அறிவிப்பில் 'காயமடைந்தோர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார். தோல் ஆறும்போது சுருங்கும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும்; முழங்கை மடங்கியபடியே நிற்கும்; கழுத்தைத் திருப்ப முடியாது. தோல் மாற்று அறுவை ஒன்றோடு முடிவதில்லை. மாதக்கணக்கில் அழுத்த உடை போட வேண்டும், தினமும் கையை நீட்டி மடக்கும் பயிற்சி வேண்டும். மதுரைக்குப் பஸ் ஏறும் ஒவ்வொரு நாளும் கூட ஒருவர் வர வேண்டும், அவர் கூலியும் போகும். வெயில் தாங்காத தோலோடு மிளகாய்க் காட்டில் நிற்க முடியாது. மடங்காத விரலால் திரி வைக்க முடியாது. கரிசல் ஊரில் உடல் உழைப்பைத் தவிர வேறு எந்த வேலை அவருக்குக் கொடுக்க இருக்கிறது?

இழப்பீட்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. சாவுக்குச் சம்பளத்தில் 50 சதவீதத்தைக் கணக்கில் எடுத்த அது, முழுமையான நிரந்தர ஊனத்துக்கு 60 சதவீதத்தை எடுத்தது. உயிரோடிருப்பவர் சாப்பிடவும் வேண்டும் அல்லவா. பசுமைத் தீர்ப்பாயம் அச்சங்குளத்தில் தீக்காயத்தின் அளவுக்கேற்பப் படிநிலை வைத்தது. ஆனால் உடனடி அறிவிப்புகளில் எப்போதும் காயத்துக்கான தொகை சாவுக்கான தொகையின் ஒரு சிறு பங்குதான். உயிருக்கு மதிப்பு அதிகம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கலாம். மரியாதைக்குரிய எண்ணம், ஆனால் பணம் போய்ச் சேருவது இறந்தவரிடம் இல்லையே. எஞ்சியிருப்பவர்களின் தேவையை வைத்துப் பார்த்தால் முப்பது வயதில் இரண்டு கையும் சுருங்கிப்போனவரின் வீட்டில் கடன் பெரிது. அவருக்கு வேண்டியது மாதாமாதம் வரும் தொகை. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. அதைத்தான் தருகிறது: நிரந்தரமாக முடங்கியவருக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம், வாழ்நாள் முழுவதும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. அட்டை உள்ளவருக்கு அது பெரிய துணை. அந்த அட்டையோ வேனில் வந்து இறங்கும் எல்லார் கையிலும் இல்லை.

கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டையும் தாண்டிப் போக முடியாது. முதல் தகவல் அறிக்கையின் முதல் வரியே அனேகமாக அதுதான்: மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டது. உராய்வு உண்மை. தொழிலாளர்களே விதியை மீறுவதும் உண்மை. புழுக்கம் தாங்காமல் அறையை விட்டு மரத்தடிக்கு வந்து வேலை செய்வது, சொன்ன அளவுக்கு மேல் மருந்தை எடுத்து வைத்துக்கொள்வது. ஆனால் கூலி எண்ணிக்கைக்கு. மெதுவாகச் செய்தால் பாதுகாப்பு, வேகமாகச் செய்தால் சம்பளம் என்று அளவுகோலை வைத்துவிட்டு, வேகத்தைத் தொழிலாளியின் குணக்கேடு என்பது சரியில்லை. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் நடந்த விபத்தும் பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்புதான். நாள் கூலியும், தாமதத்துக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியும் இருந்தால் எத்தனை உராய்வுகள் குறையும் என்று சோதித்துப் பார்க்க அதிக காலம் ஆகாது. அதற்கு ஆகும் செலவு பட்டாசு விலையில் ஏறும். ஏறத்தான் வேண்டும்.

தொழிலாளி என்ற சொல்லுக்குள் அடங்காதவர்கள் கதை இன்னும் சிக்கலானது. முதலிப்பட்டியில் அன்று இறந்த ஏறத்தாழ நாற்பது பேரில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இழுத்துவரவும் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அடுத்த வெடிப்பில் மாட்டினார்கள். இவர்களிடம்தான் 'தெரிந்துதானே போனார்கள்' என்பது கடைசியாக வந்து தோற்கிறது. தெரிந்துதான் போனார்கள், அதனால்தான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, ஒரு உயிருக்கு அது வைத்த நிவாரணம் 25,000 ரூபாய்.

பட்டாசுக்கென்று நிதி வந்தாலும் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஆபத்தெல்லாம் அதற்குள் வந்துவிடாது. 2024 மே 1 அன்று, தொழிலாளர் தினத்தில், காரியாபட்டி அருகே கீழஉப்பிலிக்குண்டில் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் சிதறிப்போனார்கள். கரிமூட்டத்தில் புகை குடித்தபடி நிற்பவருக்கு முதலாளி யார் என்பதே தெளிவாக இராது. இன்று ஒருவர் காட்டில், நாளை இன்னொருவர் கண்மாய்க்கரையில். ஆகவே பாதுகாப்பு ஆலையின் பெயரில் இருப்பதைவிட ஆளின் பெயரில் இருப்பது நல்லது. அட்டை அவரோடு வேனில் போக வேண்டும், அவர் எந்த வாசலில் இறங்கினாலும் அந்த வாசலுக்கு உரியவர் அன்றைய சந்தாவைக் கட்ட வேண்டும்.

அதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய இழப்பீட்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. பத்துப் பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. என்ற பழைய வரம்பு பொதுவாகத் தொடர்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தான வேலை என்று மத்திய அரசு அறிவிக்கும் தொழில்களில் ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் அது பொருந்தும் என்று தொகுப்பு சொல்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பிருந்தால், வேலையில் நேர்ந்ததாகவே அது கருதுகிறது. அதிகாலையில் நெருக்கியடித்துப் போகும் வேன்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எந்தெந்த வேலை ஆபத்தானது என்ற அந்தப் பட்டியலில் மருந்து கலக்கும் அறையும், கல்குவாரிக் கிடங்கும், கரிமூட்டமும் இருக்குமா, உள்குத்தகைக்காரரின் ஆளையும் அந்த 'ஒரே ஒருவர்' என்று எண்ணுவார்களா என்பதை இனிமேல் வரும் அறிவிக்கைகளில் பார்க்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துத் தொழிற்சங்கங்களும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் பட்டாசில் பேரியம் சேர்க்கக் கூடாது என்ற தடையைப் பற்றி டெல்லிக்குப் பலமுறை மனு கொண்டுபோயிருக்கின்றன. இந்தப் பட்டியலுக்காகவும் ஒருமுறை போகலாம்.